அந்தக் கூஜாவுக்கு முலாம் பூசாதே

அன்புள்ள மகனே,

நேற்று நீ தொலைபேசியில் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் நான் "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வைத்த கையோடு உன் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "பெத்த பிள்ளைகிட்டகூட 'வேணாம்'னு ஒரு வார்த்தை வராதா உங்களுக்கு?" என்று கேட்டாள். வராது. அது உனக்கும் தெரியும். நேரில் யாராவது கேட்டால் எனக்கு எல்லாப் பதில்களும் ஒரே சமயத்தில் சரியாகத் தோன்றும். தாளும் பேனாவும் கையில் இருந்தால்தான் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட முடிகிறது. ஆகவே எழுதுகிறேன். உன் முதல் கேள்வி, உனக்கும் சுமதிக்கும் கல்யாணத்துக்கு நாங்கள் கொடுத்த காபிக் கூஜாவில் அங்கங்கே சிவப்பாகத் தெரிகிறதே, சுமதியின் அப்பா அம்மா ஞாயிற்றுக்கிழமை உங்கள் தோ பாயோ வீட்டுக்குச் சாப்பிட வருவதற்குள் முலாம் பூசும் கடையில் கொடுத்துப் புதிதுபோல் ஆக்கிவிடலாமா என்பது. வேண்டாம். இதோ, எழுதிவிட்டேன். இரண்டாவது கேள்வி, அது என்ன விலை பெறும் என்பது. அதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு மதிப்புச் சொன்ன காலத்திலும் நான் சுற்றித்தான் வந்தேன்.

ஐம்பதுகளின் நடுவில் நான் ஹை ஸ்திரீட் பக்கம் ஓர் ஏலக் கம்பெனியில் மதிப்பீட்டு எழுத்தராக இருந்தேன். ஊர் திரும்பும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் வீட்டுச் சாமான்களை எங்களிடம் விட்டுவிட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்த நேரம். பியானோ வரும், கம்பளம் வரும், பன்னிரண்டு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை வரும், அந்த மேசைமேல் வைக்கும் பாத்திரங்களும் வரும். மேசைப் பாத்திரங்கள் என் பொறுப்பு. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, கவிழ்த்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, விற்பனைப் பட்டியலுக்கு இரண்டு வரி எழுதவேண்டும். என் வரிகள் இரண்டில் நிற்கமாட்டா. 'இருக்கலாம்', 'என்று தோன்றுகிறது', 'உறுதியாகச் சொல்வதற்கில்லை' என்று நீண்டுகொண்டே போகும். அலுவலகத்தில் எனக்கு மிஸ்டர் பெர்ஹாப்ஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். பெட்டி தூக்குகிறவர்கள்கூட, "மிஸ்டர் பெர்ஹாப்ஸ், இதை எங்கே வைக்க? இங்கே, பெர்ஹாப்ஸ்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஒரு பொருளை உயர்த்திச் சொல்லி வாங்குபவரை ஏமாற்றிவிடுவேனோ, தாழ்த்திச் சொல்லி விற்பவரைக் கெடுத்துவிடுவேனோ என்று எப்போதும் ஒரு பயம். அந்தப் பயம்தான் என்னை ஒழுங்காகப் பார்க்கப் பழக்கியது என்று இப்போது நினைக்கிறேன். அதுவும் உறுதியாக அல்ல.

எப்படிப் பார்ப்பது என்று உனக்கும் சொல்லிவைக்கிறேன். பாத்திரம் மின்னுகிறதே என்று அதை வெள்ளி என்று எண்ணிவிடாதே. முதலில் கவிழ்த்துப் பார். அதற்கும் முன்னால் அது காலியாக இருக்கிறதா என்று பார். ஏன் என்று பிறகு சொல்கிறேன். இங்கிலாந்தில் செய்த அசல் வெள்ளி என்றால், அடியிலோ விளிம்பிலோ நடந்து போகும் சிங்கம் ஒன்றின் சின்ன முத்திரை பெரும்பாலும் இருக்கும். முலாம் பூசியது என்றால் ஈ.பி.என்.எஸ். என்ற எழுத்துகள் இருக்கலாம். நிக்கல் கலந்த உலோகத்தின் மேல் மின்சாரத்தால் வெள்ளி ஏற்றியது என்பது அதன் பொருள். அதைச் செய்தவர்களில் சிலர் கெட்டிக்காரர்கள். அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கேடயம் போன்ற கட்டங்களுக்குள் போட்டு, பக்கத்தில் ஒரு கிரீடத்தையும் வைத்து, கை நீளத் தூரத்தில் பார்த்தால் வெள்ளி முத்திரை போலவே இருக்கும்படி செய்துவிடுவார்கள். அவசரக்காரர்கள் அதில் விழுவதை நான் வாராவாரம் பார்த்தேன். மூன்றாவதாக ஒரு வகை உண்டு, அதற்குப் பழைய ஷெப்பீல்டு என்று பெயர். மின்சார முலாம் வருவதற்கு முந்திய காலத்து வேலை. செம்புக் கட்டியின் மேல் வெள்ளித் தகட்டை வைத்துச் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டவைத்து, இரண்டையும் சேர்த்தே உருட்டித் தகடாக்கி, அந்தத் தகட்டை வளைத்துப் பாத்திரம் செய்வார்கள். அடியில் பெரும்பாலும் எந்த முத்திரையும் இராது. தேய்ந்த இடத்தில் உள்ளேயிருந்து செம்பு எட்டிப் பார்க்கும். ஆனால் செம்பு தெரிகிறது என்பதற்காகப் பழையது என்று முடிவு கட்டிவிடக் கூடாது, பின்னாளில் செம்பின் மேல் மின்முலாம் பூசியும் நிறையச் செய்தார்கள். இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்பதை உன் அம்மா கற்றுக்கொண்ட விதத்திலேயே நீயும் கற்றுக்கொள்.

அப்போது நான் நோரிஸ் ரோட்டில் என் அத்தையோடு இருந்தேன். பெற்றவர்கள் இல்லாத என்னை வளர்த்தவர் அவர். நீ தவழ்ந்த வயதில் போய்விட்டதால் உனக்கு அவர் முகம் நினைவிருக்காது. குரல் மட்டும் அடுத்த தெருவுக்கும் கேட்கும். அவர் எனக்காகப் பேசிவைத்த இடம் ரேஸ்கோர்ஸ் சாலையில் ஒரு டிரைவர் வீடு. உன் தாத்தா ஓர் ஆங்கிலேய டாக்டரிடம் நெடுங்காலம் கார் ஓட்டியவர். அந்தக் குடும்பம் ஊர் திரும்பிய நாளன்று டாக்டரின் மனைவி தானே கார் வரைக்கும் வந்து ஒரு காபிக் கூஜாவை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். தாத்தா அதைப் பழைய கம்பளித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார். வெள்ளிக் கூஜா என்றுதான் அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சம்பந்தம் பேசியபோது, "பொண்ணுக்கு ஒரு வெள்ளிக் காபிக் கூஜாவும் வைக்கிறோம்" என்று அவர் கூச்சத்தோடு சொல்லியிருக்கிறார். யாரும் கேட்காமல் சொன்னது. அத்தை அதை அன்று மாலைக்குள் நோரிஸ் ரோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சொல்லி முடித்துவிட்டார்.

பெண் பார்க்கப் போன அன்று உன் அம்மா அந்தக் கூஜாவில்தான் காபி கொண்டுவந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நான் கூஜாவைப் பார்த்தேன். வேண்டுமென்று பார்க்கவில்லை. எனக்கு எதிரே வைத்தார்கள், வேலை நாளில் எத்தனையோ பாத்திரங்களை எடுத்துப் பழகிய கை அதையும் எடுத்தது, அடியில் சிங்கம் இருக்கிறதா என்று பார்க்கக் கவிழ்த்தது. முழுக் கூஜா காபியும் என் புதிய வெள்ளைக் கால்சட்டையில் இறங்கியது. பிறகு ஒரு சிரிப்புச் சத்தம். பெண் பார்க்கும் நாளில் பெண் சிரித்ததை அந்த வீடு அதற்கு முன் கேட்டிருக்காது. "ஏம்மா, மாப்பிள்ளை பொண்ணு பார்க்க வந்தாரா, பாத்திரம் பார்க்க வந்தாரா?" என்று உன் அம்மா எல்லாருக்கும் கேட்கும்படியே கேட்டாள். தாத்தா ஓடிவந்து துண்டு கொடுத்தார். வீடு திரும்பும்போது அத்தை தெருவிலேயே ஆரம்பித்துவிட்டார். "ஏன்டா, பொண்ணோட மூஞ்சியைப் பாருடான்னு கூட்டிட்டுப் போனா, பாத்திரத்தோட..." அந்தச் சொல்லை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் பெண்ணை அவருக்குப் பிடித்துவிட்டது. "சிரிக்கிற பொண்ணுடா. நம்ம வீட்டுக்கு அதான் வேணும். உம்முன்னு இருக்க நீ ஒருத்தன் போதும்" என்று அன்றே நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்க்கச் சொல்லிவிட்டார்.

கூஜாவின் அடியில் சிங்கம் இல்லை. எழுத்தும் இல்லை. அது வெள்ளி இல்லை என்பது எனக்கு அந்த அரை நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. வேறு என்ன என்பது தெரியவில்லை, பார்க்க வேண்டிய மீதியெல்லாம் காபியோடு போய்விட்டது. தெரிந்த பாதியை அந்தக் கூடத்தில் சொல்லியிருக்க முடியுமா? வெள்ளி என்று ஒரு மனிதர் நம்பி வைத்திருப்பதை, அவர் கொடுத்த துண்டால் கால்சட்டையைத் துடைத்துக்கொண்டே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்து நடந்தது நம் ஆட்கள் வீட்டில் மட்டுமே நடக்கக்கூடியது. நிச்சயதார்த்தத் தட்டில் கூஜா பளிச்சென்று இருக்கவேண்டும் என்று உன் அம்மாவின் அம்மா அதைத் துலக்க உட்கார்ந்தார். வெள்ளி என்பதால் முதலில் திருநீற்றைப் போட்டுத் தேய்த்தார். அதுவரை சரி. வேலைப்பாடுகளின் இடுக்கில் இருந்த கறுப்பு போகவில்லை. குத்துவிளக்குக்குப் போடுவதுபோலப் புளியும் சலித்த செங்கல் பொடியும் எடுத்தார். பாவம், அவ்வளவு அன்பாகத் தேய்த்திருக்கிறார். கறுப்பு போயிற்று, கூடவே விளிம்பிலும் வயிற்றுப் பக்கத்திலும் இருந்த வெள்ளியும் போயிற்று. உள்ளேயிருந்த செம்பு வெளியே வந்துவிட்டது. பதறிப்போன தாத்தா அதைத் தூக்கிக்கொண்டு சிராங்கூன் சாலையில் தெரிந்த நகைக்கடைக்குப் போனார். கடைக்காரர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "செம்புண்ணே. மேலே பூச்சு. உருக்கினா உங்களுக்குக் கூலிகூட மிஞ்சாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சொன்னதில் பொய் இல்லை. எடைபோட்டு உருக்கி மதிப்பவர் கண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும்.

மறுநாள் மதியம் எங்கள் அலுவலக முகப்பில் உன் அம்மா வந்து நின்றாள். திரிஷா வண்டியில் தனியாக வந்திருந்தாள். கையில் துண்டு சுற்றிய கூஜா. என் பக்கத்து மேசைக்காரர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மிஸ்டர் பெர்ஹாப்ஸ், உங்களுக்குத்தான் கஸ்டமர் லா" என்றார்.

"உட்காருங்க" என்றேன்.

"உட்கார வரலை. இது வெள்ளியா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"அது வந்து..."

"அதுவந்துன்னு ஒரு உலோகம் இருக்கா?"

அவளே தொடர்ந்தாள். "அன்னிக்குக் கவிழ்த்துப் பார்த்தீங்களே, அப்பவே உங்களுக்குத் தெரியும்தானே?"

"வெள்ளி இல்லைன்னு மட்டும் தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"காபி ரொம்பச் சூடா இருந்துச்சு."

அவள் உதடு கொஞ்சம் அசைந்தது. ஆனால் சிரிக்கவில்லை. துண்டைப் பிரித்துக் கூஜாவை என் மேசைமேல் வைத்தாள். "நகைக்கடையில செம்புன்னுட்டாங்க, உருக்கினா கூலிகூட மிஞ்சாதாம். அப்பா நேத்திலேருந்து சாப்பிடலை. அந்த டாக்டரம்மா தன்னை இவ்வளவு மட்டமா நினைச்சுட்டாங்களேன்னு ஒரு பக்கம். உங்க அத்தைகிட்ட வெள்ளின்னு சொல்லிட்டோமேன்னு இன்னொரு பக்கம். ஏமாத்தினவன்னு பேர் வாங்கிட்டுப் பொண்ணைக் கொடுக்க மாட்டாராம். நாளன்னிக்கு நிச்சயதார்த்தத்துல எந்திரிச்சு நின்னு, இந்தக் கல்யாணம் வேணாம்னு சொல்லப் போறார். எங்க மேல பாவப்பட்டு நீங்க இதை வெள்ளின்னு சொல்லிடாதீங்க. அப்படிச் சொன்னீங்கன்னா அப்பாவுக்கு முன்னாடி நானே வேணாம்னு சொல்லிடுவேன்."

என் நிலையைப் பார், மகனே. வெள்ளி இல்லை என்றால் அவள் அப்பா கல்யாணத்தை நிறுத்துவார். வெள்ளி என்றால் அவள் நிறுத்துவாள். அவள் நிறுத்திவிடக் கூடாது என்பதில் எனக்கு ஓர் ஐயமும் இல்லை என்பது அந்த நொடியில்தான் எனக்கே தெரிந்தது. என்ன செய்வது என்று தெரியாதபோது எனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றைச் செய்தேன். பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

விளிம்பின் அடியில் நகத்தை வைத்து மெதுவாக ஓட்டினேன். ஓர் இடத்தில் நகம் தட்டியது. வெட்டிய தகட்டில் செம்பு தெரியக்கூடாது என்று மேலிருந்த வெள்ளியை மடித்து இறக்கியிருந்தார்கள். மின்முலாம் பூசியதில் அந்த மடிப்புக்கு வேலையே இல்லை. கைப்பிடிக்குப் பின்னால் மேலிருந்து கீழ்வரை மயிரிழைபோல ஓர் இணைப்புக் கோடு. தகட்டை வளைத்து ஒட்டிய இடம். பிறகு கூஜாவின் வயிற்றில் செதுக்கியிருந்த சின்னத்துக்கு வந்தேன். வாயில் ஒரு சுள்ளியைக் கவ்விக்கொண்டிருக்கும் பறவை. யோசித்துப் பார். மெல்லிய வெள்ளியின் மேல் இவ்வளவு ஆழமாகச் செதுக்கினால் உளி செம்பைத் தொட்டுவிடும். இந்தப் பறவையில் ஒரு கோடுகூடச் சிவப்பாக இல்லை.

"இதுமேல மூச்சு விடுங்க" என்றேன்.

"என்னது?"

"மூக்குக்கண்ணாடி துடைக்க 'ஹா'ன்னு விடுவோமே, அப்படி. இந்தப் பறவைமேல."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு குனிந்து மூச்சு விட்டாள். கூஜாவின் வயிறு மங்கியது. அந்த மங்கலுக்குள், பறவையைச் சுற்றி, ஒரு சிறிய கட்டம் தனியாகத் தெரிந்தது. ஓரம் வைத்து வெட்டி ஒட்டியது போன்ற கட்டம். நன்றாகப் பார்ப்பதற்குள் மறைந்துவிட்டது. "ஐயோ, போச்சு!" என்று மறுபடியும் மூச்சு விட்டாள். மறுபடியும் வந்தது. அதற்குப் பிறகு நான் சொல்லாமலே எத்தனை தடவை விட்டாள் என்று எனக்கு நினைவில்லை. முகப்பில் வேறு வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள்.

"அது என்ன?" என்று நிமிர்ந்து கேட்டாள்.

அன்று என் வாயில் பெர்ஹாப்ஸ் வரவில்லை. "இது வெள்ளி இல்லை. பழைய ஷெப்பீல்டு. நூறு வருஷத்துக்கு மேலே இருக்கும் வயசு. சின்னம் செதுக்குறதுக்காக அந்த ஓர் இடத்துல மட்டும் செம்பை எடுத்துட்டு அசல் வெள்ளியைப் பதிச்சிருக்காங்க. கண்ணுக்குத் தெரியாது, மூச்சு பட்டா மட்டும் தெரியும். கடைக்காரர் சொன்ன மாதிரி உருக்கினா ஒண்ணும் கிடைக்காது. ஆனா இதைத் தேடி வாங்குறவங்க இருக்காங்க. இந்தச் சின்னம் யாரோ ஒரு குடும்பத்தோடது."

அவள் பறவையைத் தடவிப் பார்த்தாள். "அப்பா சொல்லியிருக்கார். அந்தம்மா போட்டிருந்த மோதிரத்துல குச்சி கவ்வின ஒரு பறவை இருக்குமாம். அவங்க அப்பா வீட்டு மோதிரமாம்." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. அந்த அம்மாள் ஊருக்குத் தூக்கிப் போக விருப்பமில்லாத பாத்திரத்தைத் தள்ளிவிட்டுப் போகவில்லை. தன் பிறந்த வீட்டுப் பொருளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"நான் போய்ச் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு அப்பா நம்ப மாட்டார். இதை நாளன்னிக்கு உங்க அத்தை முன்னாடி நீங்க சொல்லுங்க" என்றாள்.

"நானா?"

"நீங்கதான்."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்தான். நீங்க சொல்ற வரைக்கும் அப்பாவை நான் பிடிச்சு வைக்கிறேன்." கூஜாவைத் துண்டில் சுற்றிக்கொண்டு இரண்டடி போனவள் திரும்பி வந்தாள். "ஒண்ணு கேட்கணும். அன்னிக்கு நீங்க என் முகத்தைப் பார்க்கவே இல்லையே?"

"பார்த்தேன்."

"எப்போ?"

"இதைத் தூக்கினப்ப. இதோட வயித்துல உங்க முகம் தெரிஞ்சது."

"இதுலயா? இதுல மூக்கு இவ்வளவு நீளமாத் தெரியுமே! அதைப் பார்த்துட்டா சரின்னு சொன்னீங்க?"

"பெர்ஹாப்ஸ்" என்றேன்.

அன்று சிரித்த அதே சிரிப்பு. அலுவலகம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

நிச்சயதார்த்த நாளும் வந்தது. பள்ளிக்கூடத்தில் மேடையேறச் சொன்னால் காய்ச்சல் வந்துவிடும் பிள்ளை நான். ரேஸ்கோர்ஸ் சாலை வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, தேங்காய் பழத் தட்டுகளின் நடுவில் கூஜாவை வைத்திருந்தார்கள். துலக்கிய இடமெல்லாம் சிவப்பு. தாத்தா ஒரு மூலையில் சலவைச் சட்டையோடு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்திருக்கப் போவதைப் பார்த்ததும் உன் அம்மா கதவோரத்திலிருந்து என்னைப் பார்த்தாள். நான் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான், நாலு பேர் முன்னால் எப்படிப் பேசுவது என்றே எனக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏலக் கூடத்துப் பேச்சு ஒன்றுதான். "இப்போது உங்கள் முன் இருப்பது ஒரு காபிக் கூஜா" என்று ஆரம்பித்தேன். பின் வரிசையிலிருந்து யாரோ, "எவ்வளவிலேருந்து கேட்கலாம்?" என்றார்கள். கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு என்னைக் காப்பாற்றியது. எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன்: "அத்தை, இது வெள்ளி இல்லை."

சிரிப்பு அப்படியே நின்றது. தாத்தா தலையைக் குனிந்துகொண்டார். அத்தையின் கண்கள் கூஜாவுக்குப் போய், தாத்தாவுக்குப் போய், என்மேல் வந்து நின்றன. "என்னடா சொல்றே? சபையில வச்சு விளையாடுறியா?"

"வெள்ளியைவிட அபூர்வம், அத்தை. நீங்களே பாருங்க. இந்தப் பறவைமேல மூச்சு விடுங்க."

"நானா? பாத்திரத்துமேலயா?" என்றவர், எல்லாரும் பார்க்கிறார்கள் என்பதால் விட்டார். அத்தையின் மூச்சும் அவர் குரலைப் போலத்தான், கூஜா முழுக்க மூடிக்கொண்டது. நடுவில் அந்தக் கட்டம் எழுந்துவந்து மறைந்தது. அவர் திட்டத் தொடங்குவதற்குள் நான் தெரிந்ததையெல்லாம் சொல்லி முடித்தேன். செம்பு, வெள்ளித் தகடு, சூட்டில் ஒட்டியது, பதித்த கட்டம், அந்த அம்மாளின் மோதிரம், பிறந்த வீடு. வெள்ளி இல்லை என்பதோடு நிறுத்தியிருந்தால் நகைக்கடைக்காரர் சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றாகியிருக்கும். ஒருவருக்குக் கசப்பான செய்தி சொல்லவேண்டி வந்தால் நீயும் பாதியில் நிறுத்திவிடாதே. மீதியையும் தேடிக் கண்டுபிடித்துச் சொல்.

அத்தை கூஜாவை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "வெள்ளின்னா எல்லார் வீட்லயும்தான் இருக்கு. மூச்சு விட்டா பதில் சொல்ற கூஜா நோரிஸ் ரோட்டுல எவ வீட்ல இருக்கு? சொல்லுங்கடி!" அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆளாளுக்கு மூச்சு விட வரிசையில் நின்றார்கள். மாமாமார், சித்திமார், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, தாம்பூலம் மாற்ற வந்த பெரியவர் எல்லாரும். கட்டம் தெரியாதவர்களை, "பல்லு விளக்கினியாடா? கிட்டப் போய் விடுடா" என்று அத்தை மேற்பார்வை பார்த்தார். கடைசியாகத் தாத்தா வந்தார். பல வருடம் அவர் வீட்டு அலமாரியில் இருந்த கூஜா அது. மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மெதுவாக மூச்சு விட்டார். கட்டம் வந்தது. மறையும்வரை பார்த்திருந்துவிட்டு, "அம்மா நல்லவங்கதான்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு எழுந்து, "பசிக்குது. இலை போடச் சொல்லு" என்றார். மூன்று நாளாகச் சாப்பிடாத மனிதர். அன்று அவர் பந்தியில் வெளுத்துக் கட்டியதை உன் அம்மா இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள்.

அறுபதுகளில் நீ பிறந்து வளர்ந்தபோது இந்தக் கதை உனக்குத் தாலாட்டாகிவிட்டது. ஊர் திரும்புகிறவர்களின் பங்களாக்களில் நடக்கும் விற்பனைகளுக்கு ஞாயிறு மதியங்களில் உன் அம்மாவும் என்னோடு வருவாள். சும்மா வேடிக்கை பார்க்கத்தான். ஆனால் எழுத்துகளைக் கட்டத்துக்குள் ஒளித்து வைத்த கரண்டிகளை எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டு, "சிங்கமும் இல்ல, பூனையும் இல்ல" என்று என் காதில் சொல்லுவாள். உனக்கு நாலைந்து வயதில், பார்க்கிற பாத்திரத்தின் மேலெல்லாம் மூச்சு விடும் பழக்கம் வந்தது. பக்கத்து வீட்டு அம்மா புத்தம்புது எவர்சில்வர் டம்ளரில் பால் கொடுத்தால், அதன்மேல் 'ஹா' என்று விட்டுப் பார்த்து, "ஆன்டி, இது வெள்ளி இல்ல" என்று அறிவித்தாய். அவர், "இல்லதான்டா ராஜா, குடி" என்றார். கூஜாவின் மூடியில் குமிழுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பள்ளம் இருக்கிறதே, அது நீ அதைத் தரையில் அடித்து மேளம் வாசித்த நாளின் அடையாளம். அதைத் தட்டிச் சரிசெய்ய நான் முயலவில்லை. மெல்லிய தகட்டைத் தட்டினால் கிழியும் என்பது ஒரு காரணம்.

இப்போது உன் முதல் கேள்விக்குத் திரும்பி வருகிறேன். புதிதாக முலாம் பூசினால் கூஜா பளபளக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் புது வெள்ளி எல்லாவற்றையும் ஒரே போர்வையாக மூடிவிடும். விளிம்பு மடிப்பும் கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் கோடும் அதன் அடியில் போய்விடும். அந்தக் கட்டமும் போய்விடும். நீயும் சுமதியும் நாளெல்லாம் மூச்சு விட்டாலும் அந்தப் பறவையைச் சுற்றி ஒன்றும் எழுந்துவராது. விலை தெரிந்து வாங்குகிறவரும் அப்படிப் பூசிய பழைய ஷெப்பீல்டைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். ஆகவே வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து வை. புளி வேண்டாம், செங்கல் பொடி வேண்டாம், திருநீறு நெற்றிக்கு மட்டும் போதும். ஞாயிற்றுக்கிழமை அதிலேயே காபி ஊற்று. சுமதியின் அப்பா அந்தச் சிவப்பைக் கவனித்தால் வெட்கப்படாதே, இந்தக் கதையைச் சொல். என்னைப் போல உனக்கும் வாய் வராவிட்டால் சுமதியைச் சொல்லச் சொல். நம் வீட்டில் அதுதான் வழக்கம். அவர் எதையும் கவிழ்த்துப் பார்க்கிற ரகமாக இருந்தால் மட்டும் முதலில் காபியைக் காலி செய்துவிடு.

இரண்டாவது கேள்விக்கு, பழைய முறைப்படி பட்டியல் வரியாகவே எழுதித் தருகிறேன். பழைய ஷெப்பீல்டு காபிக் கூஜா ஒன்று, மரக் கைப்பிடியோடு. முத்திரை இல்லை. வெள்ளி பதித்த கட்டத்தில் சுள்ளி கவ்விய பறவை. விளிம்பிலும் வயிற்றிலும் செம்பு தெரிகிறது, மணப்பெண்ணின் தாயார் துலக்கியது. மூடியில் பள்ளம், வீட்டுப் பிள்ளை தட்டியது. உருக்குபவருக்கு ஒன்றுக்கும் ஆகாது, சேகரிப்பவர் நல்ல விலை கொடுப்பார். விற்பனைக்கு இல்லை.

இந்த இடம்வரை எழுதி உன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். "நம்ம சங்கத்து ஆண்டு மலர்ல போடக் கொடுங்க, வீட்ல இந்த மாதிரிப் பாத்திரம் வச்சிருக்கிற நாலு பேராவது புளியைத் தொடாம இருப்பாங்க" என்றாள். பிறகு கடைசி வரிகளை விரலால் தொட்டுக் காட்டி, "என்னங்க இது, ஒரு 'இருக்கலாம்'கூட இல்லை? உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் பண்ணவில்லை. சனிக்கிழமை மாலையே நாங்கள் அங்கே வந்துவிடுகிறோம். சம்பந்தி வீட்டார் வருவதற்கு முன் தான் ஒரு தடவை மூச்சு விட்டுப் பார்க்கவேண்டுமாம், கட்டம் இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று.

இருக்கும்.

உன் அப்பா